சூளைக் கணினிக்குத் தேவைப்பட்ட எட்டரை நிமிடம்

1. ஊரில் உலவும் கதை

ஆயுதபூஜை நாளன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு எங்கள் பீங்கான் ஆலையின் சூளைக் கணினி இயங்க மறுத்தது. பதினொரு மணிக்குள் நான் முதலாளிக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சூளை தொடர்ந்து எரியலாமா, அணைத்து ஆறவிட வேண்டுமா என்பதே அந்தப் பதில்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி விருத்தாசலத்தில் ஒரு கதை உண்டு. நின்றுபோன கணினிக்கு அஞ்சலை சூடம் காட்டினாராம். அது உடனே ஓடியதாம். பொறியாளர் வாயடைத்து நின்றாராம். செராமிக் பேட்டைத் தேநீர்க் கடையில் என் காதுபடவே இருமுறை இது சொல்லப்பட்டது. நான் கருவியியலில் பட்டம் பெற்றவன். ஒரே ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் பெறாமல் ஓய்வுபெற்றவன். என் பெயர் இப்படியொரு கதையோடு ஒட்டிக்கொள்வதை நான் விரும்பவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அது ஊர்க்கதையைக் காட்டிலும் எனக்குப் பெருமை தருவதாக இல்லை என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவது நேர்மை.

2. சூளையும் பதினாறு கன்ட்ரோலர்களும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. எங்கள் ஆலையில் மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர்கள் உற்பத்தியாயின. அவற்றைச் சுடும் டனல் சூளை, ஒரு நீண்ட குகை போன்றது. இன்னும் சுடாத பச்சைப் பொருள் அடுக்கிய டிராலி ஒரு முனையில் நுழையும். தண்டவாளத்தில் மெல்லத் தள்ளப்பட்டு, நடுவில் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கடந்து, மறுமுனையில் வெந்து வெளிவரும். இந்தச் சூளையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட இயலாது. ஆறவிட்டால் உள்ளே நிற்கும் டிராலிகள் அத்தனையும் வீண். வளைவில் உள்ள செங்கற்கள் விரிசல் காணும். மீண்டும் வெப்பமேற்ற இரண்டு வாரங்களாவது ஆகும். தீபாவளி, பொங்கல் எதற்கும் அது அணைந்ததில்லை.

சூளையில் பத்துக் கன்ட்ரோலர்கள், அதை ஒட்டிய உலர்த்தியில் ஆறு. உலர்த்தி என்பது பச்சைப் பொருளின் ஈரத்தை வெந்நீராவியும் வெப்பக்காற்றும் கொண்டு போக்கும் அறை. ‘டிரையர்’ என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒரு பகுதியின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும். டிராலி தள்ளப்படும் வேகத்துக்கு ஏற்ப எந்தப் பகுதி எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வது கட்டுப்பாட்டு அறையின் கணினி. கணினிக்கும் கன்ட்ரோலர்களுக்கும் இடையே ஒரு கார்டு. அந்தக் கார்டைக் கணினிக்கு அறிமுகப்படுத்தி வைக்கும் மென்பொருளுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். கணினியை இயக்கியவுடன் டிரைவர் முதலில் தன் வேலையை முடிக்க வேண்டும். அதன் பிறகே திரையில் எதுவும் தெரியும்.

கணினி இல்லாமலும் சூளையைச் சில மணி நேரம் ஓட்டலாம். அதற்குப் பர்னர் வால்வுகளைக் கையால் திருப்பி, நெருப்பின் நிறம் பார்த்து வெப்பத்தைச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். எங்களிடம் அப்படி இருவரே இருந்தனர். அவர்களில் மூத்தவர் கலியபெருமாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். சூளைக்கு முதல் நெருப்பு வைத்த நாளிலிருந்து அதனோடு இருப்பவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னைவிட நான்கு ஆண்டு முன்னதாக அந்த ஆலைக்கு வந்தவர்.

3. துடைத்து வைத்த காலை

ஆயுதபூஜையன்று சூளையைத் தவிர மற்ற அனைத்தும் நிற்கும். களிமண் அரைக்கும் பால் மில், பிரஸ், டிரையர் எல்லாவற்றையும் அணைத்து, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சூளைக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்போதே பூஜை. முதலாளி ஜமால் பாய் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பி இந்த ஆலையை வாங்கியவர். பொரியும் கடலையும் பூசணிக்காயும் அவர் செலவிலேயே வரும். பூஜையில் நிற்க மாட்டார். பதினோரு மணி வாக்கில் வந்து எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டுப் போவார்.

பூஜைக்குத் தலைமை, கிளேசிங் பிரிவின் அஞ்சலை. பச்சைப் பொருளைக் கண்ணாடிக் கலவையில் முக்கி எடுக்கும் இருபது பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. யாரிடமும் வாயை அடக்கிப் பேசியறியாதவர். முந்தின நாள் மாலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், நாளைக்கு உங்க கம்ப்யூட்டரையும் தொடைக்கணும். அதுக்கும் பொட்டு வைக்கணும்னு எங்க பொண்ணுங்க சொல்லுதுங்க.”

“வேண்டாம் அஞ்சலை. அது ஓடிக்கிட்டிருக்கற மெஷின்.”

“எட்டு மாசமா ஓடிக்கிட்டே இருக்குது. புதுப் பொண்ணாட்டம் ஏசி ரூமுக்குள்ளாறயே ஒக்காந்திருக்குது. ஒரு நாளாவது குளிக்க வேணாமா சார் அது?”

உண்மையில் கணினியின் காற்றுவழியில் களிமண் தூசு படிந்திருந்ததை நானே கவனித்திருந்தேன். ஆகவே அனுமதித்தேன். அரை மணி நேரம் அணைக்கலாம், அதுவரை கலியபெருமாள் சூளையைக் கையால் ஓட்டட்டும், தூசை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கம்ப்ரஸர் காற்றை மின்னணுப் பொருள்மீது அடிக்கக்கூடாது, அதில் நீர்த்துளி வரும் என்று முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன்.

மறுநாள் என் வீட்டுப் பூஜை முடிந்து நான் ஆலைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. கணினியின் பெட்டி பளபளவென்று இருந்தது. நெற்றி போன்ற இடத்தில் சந்தனமும் குங்குமமும். பக்கத்திலேயே கம்ப்ரஸர் ஹோஸ் சுருண்டு கிடந்தது. குனிந்து பார்த்தேன். பெட்டியின் பின்புறக் கம்பித் தடுப்பில் இரண்டு மூன்று நீர்த்துளிகள்.

4. மூன்று ரீசெட்

தீபம் காட்டும்போது சூளையும் அதன் கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அஞ்சலையின் பிடிவாதம். நான் கணினியை இயக்கினேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. பிறகு தொடக்கப் படம் வந்தது. அதன் அடியில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

கணினியை நிறுவியபோது டிரைவர் ஆயத்தமாக அரை நிமிடம் ஆனதாக எனக்கு நினைவு. இப்போது இரண்டரை நிமிடம் கடந்தும் பட்டை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. ரீசெட் பட்டனை அழுத்தினேன். மீண்டும் எண்கள், மீண்டும் படம், மீண்டும் பட்டை. மறுபடியும் இரண்டரை நிமிடம் பொறுத்தேன். மறுபடியும் ரீசெட். மூன்றாவது முறையும் அவ்வாறே ஆயிற்று.

கதவருகே தாம்பாளத்துடன் அஞ்சலையும் பெண்களும் நின்றிருந்தனர். ஒரு பெண் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “ஓடற மெஷின நிறுத்தினா இப்புடித்தான்.” அஞ்சலை திரும்பி, “வாய மூடுடி, சாரே கொதிச்சிப் போயி நிக்கறாரு” என்றார்.

பர்னர் மேடையிலிருந்து கலியபெருமாளை வரச்சொன்னேன். முகமெல்லாம் வியர்வை வழிய வந்தார்.

“ஏர் அடிச்சது யாரு?”

“நாந்தான் சார்.”

“நான் துணியால தொடைக்கச் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார். தூசி கம்பிக்குள்ளாற அடச்சிக்கிட்டு இருந்துது, துணி போவல. மேலாப்புல ரெண்டு ஊது ஊதினன். மூடியத் தொறக்கவே இல்ல. கார்டு இருக்கற பக்கம் போவவே இல்ல சார்.”

“தண்ணி நிக்குது, பாருங்க. கார்டு போயிடுச்சு. என் நோட்டீசு சுவத்துல எதுக்கு ஒட்டியிருக்குது?”

கோபத்திலும் நான் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை, அன்றும் அழைக்கவில்லை. ஆனால் இருபது பெண்கள் முன்னிலையில் அவரிடம் அப்படிப் பேசினேன். ஷிப்ட் லாக் புக்கைத் திறந்து எழுதினேன்: ‘தடை செய்யப்பட்ட கம்ப்ரஸர் காற்றை ஆபரேட்டர் கலியபெருமாள் பயன்படுத்தியதால் தொடர்புக் கார்டு பழுதுற்றது.’ கையொப்பமிட்டேன். கணினியை அணைத்துவிட்டு, தொலைபேசி இருந்த அலுவலக அறைக்கு நடந்தேன்.

5. தொலைபேசியில் சொன்ன சொல்

சென்னையில் அந்தக் கார்டை விற்றவரின் அலுவலகத்தில் விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சரஸ்வதி பூஜை, விஜயதசமி, அதை ஒட்டிய ஞாயிறு எல்லாம் கழிந்து ஆள் கிடைத்தாலும், கார்டு கைக்கு வர ஒரு வாரமாவது ஆகும். இருவரைக் கொண்டு ஒரு வாரம் இரவும் பகலும் கையால் சூளையை ஓட்ட முடியாது. முதலாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கேட்டார். “கார்டு போயிட்டுதுன்னு கண்டிசனா சொல்றீங்களா இன்ஜினியர் சார்?”

“கண்டிசனா சொல்றேன் பாய்.”

“புது ஆர்டரோட மொத டிராலி இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குச் சூளைக்குள்ள போவணும். உள்ள விட்டதுக்கு அப்பறம் சூளைய அணைச்சி எறக்கினா அதுவும் சேந்து போயிடும். எறக்கறதா இருந்தா அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். நான் பதினோரு மணிக்கு வரேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.” சற்று நிறுத்தி, “ஏர் அடிச்ச ஆளு கலியபெருமாளா? நாளையிலேருந்து அவர வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க. நோட்டீசு ஒட்டினதுக்கு அப்பறமும் பண்ணா நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

“சரிங்க பாய்” என்று சொல்லி வைத்தேன். அந்தச் ‘சரிங்க’ என் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது. இன்றும் எனக்கு உறுத்தலாக இருப்பது அதுவே.

6. அஞ்சலை திரும்பி வந்தபோது

நான் இன்னும் நாற்காலியிலிருந்து எழவில்லை. அஞ்சலை ஓடிவந்தார். ஒரு கையில் அணைந்த சூடத் தட்டு.

“சார்! வந்துட்டுது சார்!”

“யாரு, முதலாளியா?”

“ஐய, முதலாளி இல்ல. கம்ப்யூட்டரு! நம்பரெல்லாம் ஓடுது, வந்து பாருங்க!”

விரைந்து சென்றேன். திரையில் வழக்கமான அட்டவணை. சூளையின் பத்துப் பகுதிகளின் வெப்பமும் பச்சை எழுத்தில். நான் அவ்வறையை விட்டுப் போனபின் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“நீங்க அணைச்சிட்டுப் போனீங்களா, வெளக்கு காட்டறப்ப அது இருட்டா இருந்தா நல்லாருக்காதேன்னு நாந்தான் சுச்சப் போட்டன். படம் மட்டும் வந்துது. சரி, படமாவது தெரியுதேன்னு சூடம் காட்டிட்டு, அப்புடியே மில்லு, பிரஸ்ஸு, டிரையரு எல்லாத்துக்கும் காட்டப் போயிட்டம். சுத்திக்கிட்டுத் திரும்பி வந்து பாத்தா நம்பரு நிக்குது. சரஸ்வதியே கண்ணத் தொறந்துட்டா சார்!”

ஊர்க்கதை பிறந்த இடம் இதுதான். சூடம் காட்டியபோது கணினி ஓடவில்லை. படம் மட்டுமே தெரிந்தது. அவர்கள் வலம் சென்ற நேரத்தில் அவ்வறையில் ஒருவருமில்லை. ரீசெட் பட்டனை அழுத்த ஒருவரும் இல்லை. நடந்தது அவ்வளவே.

ஆனால் அதை உணர எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. முதலில் எழுந்த எண்ணம், கார்டு அதன் இடத்தில் சரியாகப் பதியாமல் இருந்து, தற்செயலாகத் தொட்டுக்கொண்டது என்பதே. பிறகுதான் அட்டவணையின் கீழ்ப்பகுதியைப் பார்த்தேன். டிரையரின் ஆறு வரிகளிலும் எண்ணுக்குப் பதிலாகச் சிவப்பில் ‘பதில் இல்லை’ என்ற குறி. பூஜைக்காக டிரையர் பானலின் மின்சாரம் அணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஆறு கன்ட்ரோலர்களும் உயிரற்று இருந்தன. அதில் வியப்பில்லை. ஆனால் அவற்றை டிரைவர் அழைத்துப் பார்த்திருக்கிறது. எவ்வளவு நேரம் அழைத்தது?

டிரைவரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒரு கன்ட்ரோலர் பதில் சொல்லாவிட்டால் இருபது விநாடி பொறுக்கவும். மூன்று முறை முயலவும். பிறகு அடுத்ததற்குச் செல்லவும். பதில் தராத கன்ட்ரோலர் ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஆறுக்கு ஆறு நிமிடம்.

கணினியை நிறுவியபோது சூளைக்கு நான்கு கன்ட்ரோலர்களே இருந்தன. நான்கும் உடனே பதிலளித்தன. அதனால்தான் அரை நிமிடம். பிற்பாடு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டைச் சேர்த்தவன் நான். அந்த இருபது விநாடியையும் மூன்று முறையையும் கோப்பில் எழுதியவனும் நான். எட்டு மாதம் அணைக்காமல் ஓடியதால், புதிய அமைப்பில் கணினி ஆயத்தமாக எத்தனை நேரம் எடுக்கும் என்று ஒருமுறைகூட அளந்து பார்க்காதவனும் நானே. காலையில் நான் ரீசெட் அழுத்திய மூன்று முறையும் டிரைவர் டிரையரின் முதல் கன்ட்ரோலரைத்தான் அழைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதை நானே முதல் படிக்குத் தள்ளியிருக்கிறேன்.

கார்டு பழுதாகவில்லை. சூளையை இறக்க வேண்டாம். அந்த நிம்மதியை முழுமையாக அனுபவிப்பதற்குள் வாசலில் காரின் ஒலி கேட்டது.

7. அதே மாதிரி செய்து காட்டுங்கள்

ஜமால் பாய் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போயிட்டுதுன்னீங்களே?”

நான் விளக்கினேன். டிரைவர், கன்ட்ரோலர், இருபது விநாடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கண்டிசனா போயிட்டுதுன்னு சொன்னீங்க. இப்ப கண்டிசனா நல்லாருக்குதுன்னு சொல்றீங்க. நான் எந்தக் கண்டிசன நம்பறது இன்ஜினியர் சார்? தானா வந்தது தானாப் போவாதுன்னு என்ன கேரண்டி? டிராலிய உள்ள விட்டதுக்கப்பறம் போச்சின்னா?”

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதனாலேயே அக்கேள்வி என்னை அதிகம் தைத்தது.

“டிரையர் பானலப் போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன் பாய். சீக்கிரமே வந்துடும்.”

“அதுவும் பாப்பம். மொதல்ல காலைல எப்புடி இருந்துச்சோ, டிரையர அணைச்சே வச்சி, அப்புடியே பண்ணிக் காட்டுங்க. எத்தினி நிமிசத்துல வரும்?”

ஆறு நிமிடம் டிரைவருக்கு. இறுதியில் கட்டுப்பாட்டு மென்பொருள் திறக்க ஒரு நிமிடம். “ஏழு நிமிஷம்” என்றேன்.

“ஏழு நிமிசம். வரலன்னா சூளைய எறக்கிடலாம். சரிதானே?”

“சரி.”

பர்னர் மேடையில் இளைய ஆபரேட்டரை நிறுத்திவிட்டு, கலியபெருமாளும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். அவரை வேலையைவிட்டு நிறுத்தச் சொன்ன செய்தியை நான் இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அலுவலகப் பேச்சு ஆலைக்குள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அறிந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஓடிக்கொண்டிருந்த கணினியை, முறைப்படி, என் கையாலேயே அணைத்தேன். மீண்டும் இயக்கினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமீது வைத்தேன்.

கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. பிறகு தொடக்கப் படம், நீலப் பட்டை. இரண்டு நிமிடம். மூன்று. ஜமால் பாய் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அஞ்சலை ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான்கு. ஐந்து. என் பணிக்காலத்தில் சூளை மூட்டிய இரவுகளைக் கண்டிருக்கிறேன், பர்னர் வெடித்ததைக் கண்டிருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் ஒரு திரையின் முன் நின்றதுதான் அனைத்தினும் கடினமாக இருந்தது. செய்வதற்கு ஏதாவது இருந்தால் மனிதன் தாங்கிக்கொள்வான்.

ஏழாவது நிமிடம் முடிந்தது. பட்டை ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு நிமிடம் பத்து விநாடி. ஏழு இருபது. ஜமால் பாய் நாற்காலியில் நிமிர்ந்தார். என் கணக்கு தவறென்றால் கார்டு பழுதுதான். காலையில் சொன்னதுதான் உண்மை. என் வலக்கை, நான் சொல்லாமலேயே, ரீசெட் பட்டனை நோக்கி நீண்டது.

“சார்.” கலியபெருமாள் சுவரை விட்டு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. “படம் வர்றதுக்கு முன்னாடி கறுப்பா நம்பரு ஓடிச்சே, அது ஒன்னரை நிமிசம் ஓடிச்சி. நீங்க சொன்ன ஏழு அதையும் சேத்தா, உட்டுட்டா?”

என் கை நின்றது. கணினி தன் நினைவகத்தையும் வட்டையும் சரிபார்க்கும் அந்தத் தொடக்க நேரத்தை நான் கூட்டவே இல்லை. முடிவில் வருவதைக் கூட்டினேன். முதலில் வந்ததை விட்டுவிட்டேன்.

“உட்டுட்டேன்” என்றேன்.

“அப்ப எட்டரை ஆவும் சார். இன்னும் ஒரு நிமிசம் இருக்குது. கையக் கொஞ்சம் எடுங்க.”

ஓர் ஆபரேட்டர் ஒரு பொறியாளரிடம், முதலாளி முன்னிலையில், கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடிகாரம் எட்டு நிமிடம் முப்பத்து நான்கு விநாடி காட்டியபோது அட்டவணை வந்தது. சூளையின் பத்து வரிகளும் பச்சை, டிரையரின் ஆறு வரிகளும் சிவப்பு.

“யா அல்லாஹ்” என்று ஜமால் பாய் நாற்காலியில் சாய்ந்தார். அஞ்சலைக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை: “வயித்துப் புள்ள வெளியில வர்றதுக்குக்கூட எங்க வூட்டுல இவ்வளவு நேரம் யாரும் மூச்ச புடிச்சிக்கிட்டு நிக்கல சார்!” அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு டிரையர் பானலுக்கு மின்சாரம் கொடுத்து, இன்னொரு முறை இயக்கிக் காட்டினேன். மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பதினாறு வரிகளும் பச்சை.

8. திரும்பப் பெற்ற ஒரே அறிக்கை

“பாய், ஒண்ணு சொல்லணும்” என்றேன். எல்லோரும் அங்கேயே இருந்தனர். காலையில் நான் பேசியதும் அவர்கள் முன்னிலையில்தான். ஆகவே இதையும் அவர்கள் முன்னிலையிலேயே சொல்வது முறை.

“காத்து அடிச்சதால எதுவும் ஆகல. கார்டு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. செட்டிங் வச்சது நான். நேரத்த அளக்காம விட்டது நான். பொறுக்காம மூணு தடவ ரீசெட் அடிச்சதும் நான். கலியபெருமாள்மேல நான் சொன்னது தப்பு.”

ஜமால் பாய் புருவத்தை உயர்த்தினார். “நோட்டீசு ஒட்டியிருக்கறப்ப ஏர் அடிச்சாரே?”

“அது தப்புதான். அதுக்கு நான் கண்டிக்கிறேன். ஆனா அதுக்கும் மெஷின் நின்னதுக்கும் சம்பந்தமில்ல. என் பேச்ச நம்பிதான் நீங்க அவர வேலைக்கு வர வேணாம்னு சொன்னீங்க. அந்தப் பேச்ச நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

லாக் புக்கைத் திறந்தேன். காலையில் எழுதிய வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே, ‘மேற்கண்ட குறிப்பு தவறானது. டிரைவர் ஆயத்தமாகும் நேரத்தை அளக்காமல் நான் எடுத்த முடிவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதல் நான் கையொப்பமிட்ட ஓர் அறிக்கையைத் திரும்பப் பெற்றது அது ஒருமுறைதான். அதைப் படித்துப் பார்த்த ஜமால் பாய் புத்தகத்தை மூடி என்னிடமே தந்தார். பிறகு இனிப்புப் பெட்டியைத் திறந்து முதல் துண்டைக் கலியபெருமாளிடம் நீட்டினார்.

“எடுத்துக்கய்யா. நாளைக்கு உனக்கு எந்த ஷிப்டு?”

“மொத ஷிப்டு முதலாளி.”

“வந்துடு. ஆனா அந்த ஹோஸ தொட்டியானா நானே வந்து ஒன் கையிலேருந்து புடுங்குவன்.”

கலியபெருமாள் இனிப்பை வாயில் போடவில்லை. தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அவரருகே சென்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் அதிகம் பழகியவனல்லன். “கலியபெருமாள், காலைல நான் பேசினது...” என்று தொடங்கினேன்.

“மணி பன்னெண்டாவப் போவுது சார்” என்றார் அவர். “மொத டிராலிய உள்ள தள்ளட்டுமா?”

“தள்ளுங்க” என்றேன். அவர் வெளியே போனார். சிறிது நேரத்தில் தள்ளுகருவியின் உறுமல் கேட்டது. புது ஆர்டரின் முதல் டிராலி சூளைக்குள் நகர்வதைத் திரையில் பார்த்தேன்.

இப்போது பணியில் சேரும் பொறியாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் இயந்திரமும் பழுதாகி நிற்கும் இயந்திரமும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே தோற்றத்தில் இருக்கும். அவ்விரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது கடிகாரம் மட்டுமே. ஓர் அமைப்பை ஒப்படைக்கும் நாளிலேயே, எல்லாம் பதில் சொல்லும்போது அது எழ எத்தனை நிமிடம் ஆகிறது, சில பதில் சொல்லாதபோது எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள். அளக்கவில்லையென்றால், அளக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ‘கண்டிசனா’ என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இயந்திரத்தை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். அந்தச் சொல்லை நம்பி இன்னொரு மனிதரின் பிழைப்பு போய்விட்டால், அதற்கு ரீசெட் கிடையாது. எனக்குப் பன்னிரண்டு மணிக்குள் அதைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைத்தது. அது என் திறமையால் கிடைத்ததன்று.